ஓடையை மூடாதீர்கள்: நம் மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தில், நகரின் நடுவே ஓடும் ஓடையை மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் தளமிட்டு மூடி, அதன்மேல் நான்குவழிச் சாலை அமைப்பதென்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறீர்கள். கரையோரம் குடியிருக்கும் எங்களில் ஒருவரிடமும் அதற்கு முன் கருத்துக் கேட்கவில்லை. தீர்மானத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் படித்தேன். ஓடை நாறுகிறது என்கிறீர்கள். நகருக்குள் வண்டிகள் நகர வழியில்லை என்கிறீர்கள். பெருநகரமாக வளர வேண்டிய ஊருக்குத் திறந்த சாக்கடை அழகல்ல என்கிறீர்கள். முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை, அவற்றுக்கு நீங்கள் கண்டிருக்கும் தீர்வைத்தான் மறுக்கிறேன். மூன்றாவது காரணத்தைப் படித்தபின் பேசாமலிருக்க என்னால் முடியவில்லை. ஏனென்றால், எந்தப் பெருநகரங்களைப் போல ஆக வேண்டுமென்று நீங்கள் விரும்புகிறீர்களோ, அவற்றில் ஒன்றை அண்மையில் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் இந்தத் தீர்மானம் வந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். 26 ஆண்டுகளாக அந்த ஓடைக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அந்தப் பக்கம் கண்ணில் படாதபடி சுற்றுவழியாக அழைத்து வருவேன். கரையைப் பார்த்த சன்னலை நாங்கள் திறப்பதே இல்லை. நம் ஊர் சின்ன ஊர், அழுக்கான ஊர், பெரிய ஊர்களிடமிருந்து எல்லாவற்றையும் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டிய ஊர் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

என் மகள் வேலை பார்க்கும் தென்கொரியத் தலைநகர் சியோலுக்கு 12 நாள் போயிருந்தேன். 90 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம். மூன்றாம் நாள் மாலை, வேலை முடிந்து வந்தவள் என்னை நகரின் மையத்திலிருக்கும் ஓர் ஓடைக்கு அழைத்துப் போனாள். சொங்கேசொன் என்று பெயர். சாலை மட்டத்திலிருந்து படியிறங்கினால் இரு பக்கமும் நடைபாதை, நடுவே முழங்காலளவு தெளிந்த நீர், அக்கரைக்குப் போக வரிசையாகப் போட்ட கற்கள். அலுவலக உடையிலேயே வந்திருந்த ஆண்களும் பெண்களும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலை நீரில் விட்டுக்கொண்டு பாலத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பத்தடி தூரத்தில் ஒரு நாரை, மனிதரைப் பொருட்படுத்தாமல், நீரையே பார்த்தபடி நின்றது. மேலே பேருந்துகளின் இரைச்சல் இருந்ததுதான். கீழே தண்ணீர்ச் சத்தம் அதை மூடிவிட்டது.

இவ்வளவுதான் என்றால், பணக்கார ஊர், செய்துகொண்டார்கள் என்று நினைத்துவிட்டு வந்திருப்பேன். ஓடையோடு கிழக்கே நெடுந்தூரம் நடந்தபின் நீரின் நடுவே மூன்று தூண்களைக் கண்டேன். தலையில் பாலமில்லாமல், மொட்டையாக நிற்கும் கான்கிரீட் தூண்கள். இதென்னவென்று மகளைக் கேட்டேன். இந்த ஓடைக்குமேல் ஒரு காலத்தில் போய்க்கொண்டிருந்த மேம்பாலச் சாலையின் தூண்கள் அவை என்றும், பாலத்தை இடித்தபோது மறந்துவிடக் கூடாதென்று மூன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

அந்தத் தூண்களின் கதையை மன்றத்தில் ஒருவராவது கேட்டிருந்தால் இந்தத் தீர்மானம் வந்திருக்காது என்று நம்புகிறேன். அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஓடையும் நாறிய ஓடைதான். பல நூற்றாண்டுகளாக அந்நகரின் மழைநீரும் கழிவும் அதில்தான் விழுந்தன. மண் மேடிட்டு வெள்ளம் ஊருக்குள் புகுந்ததால், 1760-இல் யொங்ஜோ என்ற அரசர் இரண்டு லட்சம் பேரைக் கொண்டு 57 நாள் தூர் வாரச் செய்தார். 1950களின் போருக்குப்பின் வீடிழந்து வந்தவர்கள் கரை நெடுகக் குடிசை போட்டார்கள், கழிவு முழுவதும் நீரில் சேர்ந்தது. நாற்றம், நோய், நகருக்கே அவமானம் என்ற காரணங்களைச் சொல்லி 1958-இல் மூடத் தொடங்கினார்கள். பிறகு, வண்டிகள் பெருகிவிட்டன என்று, மூடிய தளத்துக்குமேல் ஐந்தரை கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு மேம்பாலச் சாலை எழுப்பினார்கள். அது 1976-இல் முடிந்தது. அந்த நாட்டின் வளர்ச்சிக்கு அடையாளமென்று அன்று கொண்டாடப்பட்ட சாலை அது. நம் தீர்மானத்தில் இருக்கும் காரணங்களும் அன்று அங்கே சொல்லப்பட்ட காரணங்களும் ஏறத்தாழ ஒன்றே என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

பிறகு நடந்தது இதுதான். கீழேயிருந்து எழும் வாயுவும் ஈரமும் சேர்ந்து கான்கிரீட்டையும் அதனுள்ளிருந்த கம்பியையும் அரித்தன. கனமான வண்டிகள் மேலே ஏறக் கூடாதென்று தடுக்க வேண்டி வந்தது. நாளொன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் போய்க்கொண்டிருந்த அந்தத் தடத்தைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பதா, எடுத்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தபோது, எடுத்துவிடுவதென்று முடிவு செய்தார்கள். 2003 ஜூலையில் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபர் முதல் நாள் ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு அந்நாட்டு நாணயத்தில் 38,000 கோடி வோனுக்கு மேல் செலவாயிற்று. மூடுவதற்குச் செலவு, காப்பதற்குச் செலவு, இடிப்பதற்குச் செலவு, பழையபடி திறப்பதற்குச் செலவு. நாம் இப்போது முதற்செலவுக்கு ஒப்பந்தம் கோரப்போகிறோம்.

சாலை போனால் நகரம் நின்றுவிடும் என்று அங்கும் பயந்தார்கள். நகரம் நிற்கவில்லை. இடிப்பு நடந்துகொண்டிருந்த 2004 ஜூலையில் பேருந்துத் தடங்கள் முழுவதையும் மாற்றியமைத்தார்கள். பெருஞ்சாலைகளின் நடுவே பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்கள். பேருந்திலிருந்து சுரங்க ரயிலுக்கு மாறினாலும் ஒரே பயணமாகக் கணக்கிடும் கட்டணமுறையைக் கொண்டுவந்தார்கள். அந்த ஏற்பாட்டின் பயனை நானே அனுபவித்தேன். மொழி தெரியாத ஊரில், ஓர் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது நாளிலிருந்து துணையில்லாமல் ஊர் சுற்றினேன். நம் ஊரில் 26 ஆண்டு வாழ்ந்தும், அடுத்த பேருந்து எப்போது வருமென்பதை நிறுத்தத்தில் நிற்கும் எவராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்ற நம்பிக்கைக்கு மறுசான்று வேறிடங்களிலும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு நெடுஞ்சாலையைச் சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடங்கள் வரை விரித்து 2008-இல் முடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் உச்சநேரப் பயணம் முன்னிலும் நீண்டுவிட்டது. இடம் கிடைத்தால் அதை நிரப்ப வண்டிகள் வரும். நெதர்லாந்தின் உட்ரெக்ட், சியோலைப்போல மாபெரும் நகரமன்று. அங்கே 1970களில் பழைய நகரைச் சுற்றியிருந்த கால்வாயின் ஒரு பகுதியை வற்றவைத்து விரைவுச்சாலை போட்டார்கள். 2020-இல் அந்தச் சாலையை எடுத்துவிட்டு மறுபடி நீர் விட்டிருக்கிறார்கள். சியோலிலேயே, முதன்மை ரயில் நிலையத்தருகே 1970-இல் கட்டிய மேம்பாலமொன்று 2017-இலிருந்து செடி வைத்த நடைபாதையாக இருக்கிறது. பெரிய ஊர்கள் கழித்துக்கட்டும் பழைய சட்டையை நாம் புதிது என்று வாங்கி உடுத்திக்கொள்ளப் போகிறோமா?

அந்த ஓடை குறைகளே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. அதன் இயற்கையான ஊற்று நாளடைவில் வற்றிவிட்டதால், இன்று அதில் ஓடும் நீரில் பெரும்பகுதியை ஹான் ஆற்றிலிருந்து மின்விசை கொண்டு ஏற்றி விடுகிறார்கள். அங்கே நடைபாதையில் கடை வைத்துப் பிழைத்தவர்கள் பலர் வேலை நடந்தபோது இடம் பெயர்க்கப்பட்டார்கள். அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை. இவற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மூடியபின் திறந்தால் பழைய ஓடை அப்படியே திரும்பி வருவதில்லை என்பதற்கு அந்த இறைத்த நீரே சாட்சி.

அன்று கற்களின்மேல் உட்கார்ந்திருந்தபோது மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “நம்ம ஓடை எங்கேம்மா தொடங்குது?” எனக்கு விடை தெரியவில்லை. 26 ஆண்டு அதன் கரையில் குடியிருந்தவள் நான். அவள் அதன் கரையில் பிறந்து வளர்ந்தவள். எங்கே தொடங்குகிறது, எதில் போய்ச் சேர்கிறது, ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஊரின் ஓடைக்கு அரசர் காலத்து வரலாறுவரை கேட்டறிந்த நான், சொந்த ஓடையைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாமல் இருந்தேன்.

திரும்பி வந்த மறுவாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், நீங்கள் மூடப்போகும் மூன்று கிலோமீட்டரையும் அதற்கு மேல் ஊருக்கு வெளியே போகும் பகுதியையும் கரையோடு நடந்து பார்த்தேன். நகர எல்லைக்கு வெளியே, ஏரியின் மதகைத் தாண்டி, நம் ஓடையில் ஓடுவது நல்ல தண்ணீர். அடியில் கிடக்கும் மணல் தெரிகிறது; மீன் இருக்கிறது; மீனுக்காகக் காத்திருக்கும் கொக்கும் இருக்கிறது. எவரும் இறைத்து விடாமல், எந்த மின்கட்டணமும் இல்லாமல், தானாக ஓடிவருகிறது. நகர எல்லைப் பலகையைக் கடந்து முந்நூறு அடிக்குள் முதல் குழாய் வந்து விழுகிறது. அங்கிருந்துதான் நிறம் மாறுகிறது. மூன்று கிலோமீட்டருக்குள் கழிவுநீர் கொட்டும் குழாய்கள் 17 எண்ணினேன். அவற்றில் நான்கு, மாநகராட்சிக்குச் சொந்தமான கட்டடங்களின் பின்சுவரிலிருந்து வருகின்றன. ஒவ்வொன்றையும் இடத்தோடு சேர்த்துப் படமெடுத்து வைத்திருக்கிறேன். நாறுவது ஓடையன்று, நாம் அதில் விட்டதுதான் நாறுகிறது. 17 குழாய்களைத் திருப்பிப் பாதாளச் சாக்கடையில் சேர்க்கும் வேலையைச் செய்யாமல், அவை கொட்டும் இடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுவது எந்த வகையில் தூய்மையாகும்?

மூடினால் என்ன ஆகுமென்று ஊகிக்க வேண்டியதில்லை. நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. பேருந்து நிலையத்தையொட்டி நானூறு மீட்டரைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மூடினீர்கள். நெரிசல் தீரும் என்று அன்றும் சொல்லப்பட்டது. இரண்டே ஆண்டில் அந்தத் தளம் முழுவதும் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. நெரிசல் அதற்கு அடுத்த முனைக்கு நகர்ந்தது. உள்ளே மண்ணும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்துக்கொண்டது வெளியே எவருக்கும் தெரியவில்லை. அடுத்த பெருமழையில் மேல்பக்கத்திலிருந்த எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. அன்றிரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் ஏதோ கொப்பளிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். தெருவில் அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர், வாசற்படியைக்கூடத் தொடவில்லை. குளியலறைத் தரையில் நீர் வெளியேறும் துளை வழியாகக் கறுப்பாகக் கழிவுநீர் மேலேறி வந்துகொண்டிருந்தது. துணியை அடைத்து அதன்மேல் அம்மிக்கல்லை வைத்தேன்; கழிப்பறை வழியாக வந்தது. விடிவதற்குள் வீட்டுக்குள் முழங்காலளவு. மகளின் பள்ளிப் புத்தகங்களும் என் கணவரின் மருத்துவக் கோப்புகளும் அதில் போயின. சுவரில் அந்த நீர் நின்ற கோட்டின்மேல் மூன்று முறை வண்ணமடித்தும் இன்றுவரை ஈரம் பூக்கிறது.

அடைப்பெடுக்க வந்தவர்களையும் பார்த்தேன். திறந்த ஓடை என்றால் கரையில் இயந்திரத்தை நிறுத்தி வாரிவிடலாம். மூடிய ஓடைக்குள் ஒரு மனிதரைத்தான் இறக்கினார்கள், இடுப்பில் ஒரு கயிற்றோடு. அழுகும் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைட் திறந்த வெளியில் காற்றோடு கலைந்துவிடும்; மூடிய இடத்தில் தேங்கி நிற்கும்; அளவு மிகுந்தால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்து, ஆள் மயங்கி விழுந்த பின்தான் ஆபத்து தெரியும். நானூறு மீட்டருக்கே இப்படி. மூன்று கிலோமீட்டர் மூடிய ஓடைக்குள் எத்தனை பேரை, எத்தனை முறை இறக்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் திட்ட அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. வேறெல்லாக் காரணங்களையும் ஒதுக்கிவிட்டாலும், என்னைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தைக் கைவிட இதுவொன்றே போதும்.

சியோல் ஓடையை அமைத்தவர்கள், 200 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தையும் அது தாங்க வேண்டுமென்று கணக்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள். மழை வலுத்தால் படிகளை அடைத்துவிட்டு, கீழே இருப்பவர்களை மேலேறச் சொல்கிறார்கள். பெருக்கெடுத்து ஓட இடம் விட்டிருப்பதால்தான் அது மற்ற நாட்களில் அத்தனை அமைதியாக இருக்கிறது. கோடையில் ஓடைக்கரைக்கும் சில தெருக்கள் தள்ளியிருக்கும் சாலைக்கும் மூன்று முதல் ஆறு டிகிரி வரை வெப்ப வேறுபாடு இருப்பதாக அங்கே அளந்திருக்கிறார்கள். நான் அளக்கவில்லை; படியிறங்கும்போது உடம்புக்கே தெரிந்தது.

இன்னொன்றும் அங்கே போய் வந்தபின் எனக்கு உறைத்தது. என் மகள் வேலைக்குப் போய்வரவே நாளுக்கு இரண்டு மணி நேரம் ரயிலில் கழிக்கிறாள். இங்கே என் வீட்டிலிருந்து பள்ளி, மருத்துவமனை, நூலகம், சந்தை எல்லாம் ஓடைக்கரையோடு அரைமணி நடையில் இருக்கின்றன. பெருநகரம் எவ்வளவு செலவழித்தாலும் பெற முடியாத வசதி இது. நம் ஊர் சிறிதாக இருப்பதால் நமக்குத் தானாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த அரைமணித் தூரத்தை ஒரு முதியவரோ பள்ளிச் சிறுவனோ பயமில்லாமல் நடந்து கடக்க முடியாது, ஏனென்றால் நடைபாதை இல்லை. சியோலில் சாலையைக் கடக்கக் காத்து நிற்பவர்கள் வெயிலில் வாடக் கூடாதென்று முனைகளில் பெரிய குடைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்; அதில் ஒன்றின் கீழ் நின்றபோது, நம் பள்ளி முனையில் புத்தகப்பையோடு ஓடும் வண்டிகளுக்கிடையே இடைவெளி தேடும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். நீங்கள் போடப்போகும் நான்குவழிச் சாலை அந்தப் பள்ளிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் நடுவில்தான் போகிறது. இப்போது இரண்டு மரப்பாலங்கள் வழியாக அவர்கள் ஓடையைக் கடக்கிறார்கள். சாலை வந்தபின் எதன் வழியாகக் கடப்பார்கள்?

ஆகவே நான் கேட்பவை இவை. ஓடையை மூடும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே நிறுத்தி வையுங்கள்; ஒப்பந்தம் கோரும் அறிவிப்பை வெளியிடாதீர்கள். திட்ட அறிக்கை முழுவதையும், வெள்ளக் கணக்கும் பராமரிப்புச் செலவும் உட்பட, எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டு, கரையோரக் குடியிருப்புகளில் கருத்துக் கேட்புக் கூட்டங்களை மாலை நேரத்தில், வேலைக்குப் போகிறவர்களும் வர முடிகிற பொழுதில், நடத்துங்கள். கழிவுநீர்க் குழாய்களில் மாநகராட்சிக் கட்டடங்களிலிருந்து வரும் நான்கையும் மூன்று மாதத்துக்குள் அடைத்துப் பாதாளச் சாக்கடையோடு இணையுங்கள். நீங்கள் செய்துகாட்டினால்தான் மற்ற பதின்மூன்றின் உரிமையாளர்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வரும். பேருந்து நிலையத்தருகே ஏற்கெனவே மூடிய நானூறு மீட்டரின் உள்நிலையை இந்த மழைக்காலத்துக்கு முன், ஆளை இறக்காமல் கேமரா கொண்டு ஆய்வு செய்து, முடிவை எங்களுக்குத் தெரிவியுங்கள். நான்குவழிச் சாலைக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கைக் கொண்டு ஓடையின் இரு கரையிலும் நடைபாதை போடுங்கள். அங்கே இப்போது கடை வைத்திருப்பவர்களை அப்புறப்படுத்தாமல், அவர்களுக்கும் இடம் விட்டுப் போடுங்கள். பேருந்து நேரத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதி வைக்க எந்தத் திட்ட அறிக்கையும் தேவையில்லை. அதை நாளையே தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு முன்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஏரி மதகிலிருந்து பேருந்து நிலையம்வரை ஓடைக்கரையோடு மறுபடி நடக்கப்போகிறேன். எங்கள் தெருவிலிருந்து இன்னும் சிலர் வருகிறார்கள். மேயரும், அந்தத் தீர்மானத்துக்குக் கை உயர்த்திய உறுப்பினர்களும் எங்களோடு வந்து நடக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். குழாய்களின் படங்களைக் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கரைத் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்